சுஜா தைத்த கிட்டார் வார்

மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் கழித்து சுஜா கிட்டாரை உறையிலிருந்து எடுத்தாள். வாரை இடது தோளில் மாட்டியவள் உடனே கழற்றிவிட்டாள். கழுத்தெலும்புக்குக் கீழே, கதிர்வீச்சு கொடுத்த இடத்தில், அந்த மெல்லிய நைலான் வார் கத்தி மாதிரி அழுத்தியது.

ராயபுரத்தில் அவள் போகும் தேவாலயத்தின் பாடகர் குழுவில் பதினாறு வருடமாக அவள்தான் கிட்டார். வரும் ஞாயிறு, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை. வேறு யாரையாவது பார்க்கச் சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள்.

வியாழக்கிழமை மதியம் கணவன் ஜெஸ்வின் மணலிக்குத் தார்ப்பாய் கொடுக்கப் போயிருந்தான். திருவொற்றியூரில் அவர்களுடையது கயிற்றுக்கடை. லாரியில் சரக்கு கட்டும் பட்டைச் சுருளிலிருந்து சுஜா மூன்று முழம் வெட்டித் தோளில் போட்டுப் பார்த்தாள். அகலம் போதும். ஓரம்தான் அறுத்தது.

"இன்னாம்மா பண்ணிகினுகீற?"

முகத்துவாரக்குப்பத்துக் குணசுந்தரி. படகுக்குக் கயிறு வாங்க மாதம் ஒருமுறை வருகிறவள்.

"கிட்டாருக்கு பெல்ட்டுக்கா. தோள்ல தாங்க மாட்டேங்குது."

"ஆப்ரேசன் பண்ண சைடா?"

எட்டு மாதத்தில் யாரும் அவளிடம் இப்படி நேராகக் கேட்டதில்லை. கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

"ஆமாக்கா. இங்க," என்று தொட்டுக் காட்டினாள்.

"மீன் கூடைய வெறுந்தலையிலயா தூக்குறோம்? சும்மாடு வெய்யி. ஆனா நோவுற எடத்துல வெக்காத. அதுக்கு இந்தாண்ட ஒண்ணு, அந்தாண்ட ஒண்ணு. நடுவுல பாரம் படாது."

சுஜா மாடிக்குப் போய் கிட்டாரையும் ஒரு பழைய பருத்திச் சேலையையும் கொண்டுவந்தாள். சேலையைக் கிழித்து மடித்து, இரண்டு திண்டுகளாகப் பட்டையின் அடியில் வைத்துக் கோணி ஊசியால் தைத்தாள். குணசுந்தரி இழுத்துப் பிடித்துக்கொண்டாள். முனைகளுக்கு ஜெஸ்வினின் பழைய இடுப்பு பெல்ட்டிலிருந்து தோல் வெட்டி, ஆணியால் துளை போட்டார்கள். ஒரு துளை பெரிதாகிவிட்டது. சுஜா கிட்டாரை மாட்டி எழுந்து நின்றதும், வார் மாட்டும் குமிழிலிருந்து தோல் நழுவியது. தரையில் விழுவதற்குள் குணசுந்தரி கிட்டாரை மடியில் ஏந்திக்கொண்டாள்.

"பொறுமையா பண்ணும்மா. இன்னா அவசரம்?"

வேறு துண்டு வெட்டி, இந்த முறை சின்னத் துளை போட்டு, அதன் ஓரத்தில் நகமளவு கீறிவிட்டாள் சுஜா. தோல் குமிழில் இறுக்கமாக ஏறியது. இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"வாசி, கேப்போம்."

கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடி ஒரு ஞானப்பாட்டு வாசித்தாள். கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனதில் பாதி கேட்கவில்லை. முடித்துவிட்டு இடது கையை உதறினாள்.

"நோவுதா?"

"விரல்தான்க்கா. வாசிச்சு எட்டு மாசமாச்சே, காய்ப்பெல்லாம் போயிடுச்சு," என்று சிரித்தாள்.

ஞாயிறு ஆராதனையில் ஆறு பாட்டுக்கும் நின்று வாசித்தாள். வீட்டுக்கு வந்தபோது தோள் லேசாக எரிந்தது. அறுவைக்குப் பிறகு அந்தப் பக்கத்தை அவள் ஜெஸ்வினுக்குக் காட்டியதே இல்லை. அவனும் கேட்டதில்லை. அன்று கதவைச் சாத்திவிட்டு அவன் முன்னால் உட்கார்ந்து சேலையை விலக்கினாள்.

"செவந்திருக்கா, பாருங்க."

ஜெஸ்வின் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு குனிந்தான். வெகுநேரம் பார்த்தான்.

"கொஞ்சந்தான்," என்றான்.