முதல் ஓட்டம் எனக்கு

காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் இடத்துக்குப் பின்னால்தான் எங்கள் ஷெட். விடிகாலையில் ஐஸ் புகை சந்து வழியாக வந்து முழங்கால் உயரத்துக்கு நிற்கும். அந்த நேரத்தில் ஷெட்டில் நிற்கிற காருக்குச் சக்கரமே தெரியாது. தரையைத் தொடாமல், யாருக்கும் பாரமில்லாமல் மிதந்துகொண்டிருக்கும். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பேன். அந்த மூன்று மாதமும் ஆறிப்போன டீயைத்தான் குடித்தேன்.

இரண்டே சீட். கூரை கிடையாது. பழைய ஹெரால்டு காரின் சேசிஸ் மேல் யாரோ கையால் தட்டிச் செய்த பாடி. ஒரு காலத்தில் சோழவரத்தில் ரேஸ் ஓடியதாம். அப்புறம் ராயபுரத்தில் ஒரு பங்களாவின் பின்பக்கம் உப்புக் காற்றில் கிடந்து எஞ்சின் இறுகிப்போனது. சைமன் சார் அதை வாங்கினார். அவர் பிறந்தது ராயபுரம், இப்போது குடியிருப்பது அடையாறுக்கு அந்தப் பக்கம். செத்த படகு எஞ்சினைக்கூட எழுப்புவார் என்று பேர் எடுத்த பிரகாஷண்ணனிடம் கொண்டுவந்து விட்டார். புதுப்பேட்டையில் பழைய பார்ட்ஸ் கடையில் ஒரு ஜிப்சி ஜீப்பின் எஞ்சின் கிடைத்தது. அதை இதற்குள் உட்கார வைக்க அளவெடுக்க, வரைய ஒரு ஆள் தேவைப்பட்டது. அது நான்.

யசோதரா, பி.இ. மெக்கானிக்கல், வியாசர்பாடி. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். நான்கு வருடமும் லேபில் ஸ்பேனர் எப்போதும் பையன்கள் கையில்தான். "உன் கையெழுத்து நல்லா இருக்கும்மா, நீ ரெக்கார்டு எழுது" என்பார்கள். எழுதினேன். அப்புறம் ஒரு இன்டர்வியூவில் வியாசர்பாடியா என்று கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்கள். அந்த மூடி மாட்டுகிற 'டக்' சத்தம் இன்னும் என் காதில் கிடக்கிறது.

அதனால்தான் சைமன் சார் சம்பளம் பேசும்போது சொன்னேன். "சம்பளம் தனி சார். எஞ்சின் ஓடுச்சுன்னா முதல் ஓட்டம் எனக்கு. எண்ணூர் வரைக்கும் போய் வருவேன்."

அவர் சிரித்துக்கொண்டே, "போய்க்கோம்மா" என்றார்.

அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. எனக்குள் அப்போதே ரோடு ஓட ஆரம்பித்திருந்தது. வலது பக்கம் கடல். இடது பக்கம் துறைமுகத்துக்குள் போகக் காத்துக் கிடக்கிற கண்டெய்னர் லாரிகள், முடிவே இல்லாமல். நடுவில் நான். ராத்திரி வீட்டில் படுத்தால் கால் தானாக கிளட்சைத் தேடும்.

வேலை நடுவில் பிரகாஷண்ணன் சில நாள் காணாமல் போவார். அவர் எஞ்சின் மாட்டிய படகு முதல் தடவை தண்ணீரில் இறங்கினால் அவரும் அதில் போவார்.

"நீ எதுக்குண்ணா போற? அவங்களுக்கு ஓட்டத் தெரியாதா?"

"மாட்டினவன் கரையில குந்திகினு வேடிக்கை பாத்தா அது இன்னா வேலை, இன்ஜினியரம்மா? நடுக்கடல்ல நின்னா அவனும் சேந்து நிக்கணும். இங்க எல்லாருக்கும் அதான்."

பிரகாஷண்ணன் வார்த்தைக்கு வார்த்தை இன்ஜினியரம்மா என்பார். பாதி கிண்டல், பாதி நிஜம். வேறு யாரும் அந்த மீதிப் பாதியைக்கூட எனக்குத் தந்ததில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வருவதாக சைமன் சார் போன் செய்தார். அதற்குள் வண்டி ஓடாவிட்டால் தூக்கிக்கொண்டு போய் கிண்டிப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுவாராம். விட்டால் அவ்வளவுதான். எஞ்சினை உட்கார வைத்தது நாங்கள், ஓட்டிப் பார்ப்பது வேறு யாரோ.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு முதல் தடவையாகச் சாவியைத் திருகினேன்.

எஞ்சின் உடனே பிடித்தது. நாங்கள் கத்தக்கூட இல்லை, அதற்குள் கார் உதற ஆரம்பித்தது. கண்ணாடியில் என் முகம் நாலாகத் தெரிந்தது. மீட்டர் முள் கழன்று விழுந்தது. ஹெட்லைட் வளையம் உருண்டு சந்துக்குப் போய்விட்டது. முன்கண்ணாடி மூலையில் நகம் அளவுக்கு ஒரு கீறல் ஓடியதும் சாவியைப் பிடுங்கினேன். அந்தக் கண்ணாடி எங்கேயும் கிடைக்காது.

இரண்டு பேரும் பானெட்டுக்குள் குனிந்து பார்த்தோம். தப்பு முகத்துக்கு நேராக இருந்தது. எஞ்சினை சேசிஸோடு நேராக போல்ட் போட்டு முறுக்கியிருந்தோம். இரும்பு மேல் இரும்பு.

"படகுல இப்டித்தான் போடுவோம்," என்றார் பிரகாஷண்ணன். குரல் இறங்கியிருந்தது. "அங்க கீழ மரம் கீது. உதறலெல்லாம் மரம் முழுங்கிடும். இங்க மரம் இல்லன்றது என் கைக்குத் தோணலியே."

என் கைக்கும் தோணவில்லை. நான் வரைந்த படத்தில் எல்லா அளவும் சரி. படத்தில் எஞ்சின் உதறாது.

ஜிப்சியில் எஞ்சினுக்கு அடியில் வருகிற சொந்த ரப்பரைப் போட்டால் எஞ்சின் இரண்டு அங்குலம் எழும்பும், பானெட் மூடாது. மெல்லிசான ரப்பர் வேண்டும், ஆனால் நசுங்கக் கூடாது. யாரிடம் கேட்பது? கோபத்தோடு வீட்டுக்கு நடந்தேன். என்மேல்தான் கோபம். அதைக் காட்ட ஆளில்லாமல் கதவைத் தள்ளினேன்.

அம்மா ரமாபாய் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டர் பெரிய சத்தத்தோடு சுற்றியது. பக்கத்தில் தரையில் ஒரு சொம்புத் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆடவே இல்லை. அசையாமல் ஜன்னலின் வெளிச்சத்தைப் பிடித்து வைத்திருந்தது. கிரைண்டருக்குக் கீழே கருப்பாக ஒரு துண்டு. அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் நிலக்கரி போகிற பெல்ட்டில் அப்பாவுக்கு கான்ட்ராக்ட் வேலை. கிழிந்த பெல்ட்டை மாற்றும்போது துண்டு கொண்டுவருவார். எங்கள் பிளாக் முழுக்க கிரைண்டரும் வாஷிங் மெஷினும் அதன் மேல்தான் நிற்கின்றன. அரை அங்குல ரப்பர், நடுவே கித்தான். இருபது வருடமாக என் காலடியில் கிடந்தது.

சுவிட்சை அணைத்தேன்.

"இன்னாடி பண்ற? மாவு பாதில கீது!"

"கிரைண்டரைக் கொஞ்சம் தூக்கிப் பிடிம்மா."

"நீ படிச்ச படிப்புக்கு என் கிரைண்டருதான் ஆப்டுச்சா?" என்று திட்டிக்கொண்டே தூக்கினாள். நான் கத்தியை வைத்துப் போராடுவதைப் பார்த்துவிட்டு சோப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். "இப்ப அறு. காஞ்ச ரப்பர்ல கத்தி மாட்டிக்கும், படிச்சவளே."

ஷெட்டுக்குத் திரும்பி, நானும் பிரகாஷண்ணனும் எஞ்சினுக்கு அடியில் மூன்று இடத்தில் துண்டுகளை வைத்தோம். போல்ட்கூட இரும்பைத் தொடாதபடி ரப்பர் வளையம் மாட்டினோம். விடியும்போது வேலை முடிந்தது. ஸ்டார்ட் செய்து பார்ப்பதற்குள் சந்து முனையில் சைமன் சாரின் பெரிய கார் வந்து நின்றது.

"சாவி குடும்மா. பீச்சாண்ட தோஸ்துங்க கேமராவோட நிக்கறாங்க."

"முதல் ஓட்டம் என்னுது சார். பேசினோம்."

"அட, அத இன்னுமா மனசுல வச்சிகினு கீற? தமாஷுக்குச் சொன்னேன். நீ படம் போட்ட, நல்லா போட்ட. அப்பால ஒரு ரவுண்டு கூட்டிகினு போறேன்."

பேனா மூடுகிற சத்தம் கேட்டது எனக்கு. ஆனால் இந்தத் தடவை எங்களுக்கு நடுவில் மேஜை இல்லை. பானெட்டைத் திறந்தேன்.

"தோ, இந்த மூணு இடம் பாருங்க. கீழ கீற ரப்பர் எங்க வூட்டு கிரைண்டருக்கு அடியில இருந்தது. நேத்துதான் அறுத்தோம். தாங்குமான்னு எனக்கே தெரியாது. வழில பிச்சிகினா கண்ணாடி மூஞ்சில வரும். வந்தா என் மூஞ்சில வரணும். காசிமேட்டுல மாட்டினவங்கதான் முதல்ல ஏறுவாங்க. ராயபுரத்துக்காரருக்கு இது தெரியாதா?"

சைமன் சார் பிரகாஷண்ணனைப் பார்த்தார். பிரகாஷண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறக்காமல் காலைத் தூக்கிப் போட்டு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

"சீட்டு ரெண்டு. மாட்டினவங்க ரெண்டு பேரு. நீங்க டீ சாப்டுகினு இருங்க சார்."

சாவியைத் திருகினேன். சத்தம் வந்தது, உதறல் வரவில்லை. கீறல் அப்படியே நின்றது. ஐஸ் புகைக்குள்ளிருந்து கார் மெதுவாக வெளியே மிதந்தது.

திருவொற்றியூர் தாண்டும்போது வெயில் கடலிலிருந்து ஏறியது. லாரி டிரைவர்கள் படியில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள். வாயில் நுரையோடு ஒருவர் கை தூக்கினார். நான் எதுவும் யோசிக்கவில்லை. நான்காவது கியரில் எஞ்சின் அம்மாவின் கிரைண்டர் போலப் பாடியது. காட்டுப்பள்ளி துறைமுகத்தின் கிரேன்கள் தூரத்தில் தண்ணீரின் மேல் தூங்கிக்கொண்டிருந்தன. கண்ணில் தண்ணீர் வந்தது. காற்று என்று பிரகாஷண்ணனிடம் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவே இல்லை.

எண்ணூர் முகத்துவாரத்தில் காரின் மூக்கு கடலைப் பார்க்க நிறுத்தினேன். பானெட்டுக்குள் கை விட்டு ரப்பரைத் தொட்டேன். இளஞ்சூடு. எங்கும் பிரியவில்லை. போன் அடித்தது.

"எங்கம்மா கீறீங்க? ஒரு மணி நேரமாச்சு!" சைமன் சார்.

அத்திப்பட்டின் புகைபோக்கிகளைப் பார்த்தேன். அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிற நேரம்.

"முதல் ஓட்டம் இன்னும் முடியல சார்," என்றேன்.