துருத்தி திறக்கும் நேரம்

தமிழரசனுக்குத் தன் மனைவி மேல் பொறாமை. அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்கவே அவனுக்கு ஒரு வருடம் பிடித்தது.

மதராஸில் சினிமா ஒலிப்பதிவுகளில் பின்வரிசையில் வயலின் வாசித்தவன் அவன். வில்லை இழுத்துக்கொண்டே, முன்னால் நின்று நடத்துகிறவரின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தக் கை எழுந்தால் கூடமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். தன் கைக்கும் அப்படியொரு கூட்டம் வேண்டும் என்ற ஆசையில் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பிப் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்து ஓர் இசைக்குழு தொடங்கினான். கரும்புக் கொல்லைக்காரர் வீட்டுப் பிள்ளையும் அதே கொல்லையில் கூலிக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வயலின் பழகினார்கள். ஆர்மோனியத்துக்கு ஆள் இல்லை. மனைவி மணிமொழிக்கு அவன்தான் கற்றுக்கொடுத்து உட்கார வைத்தான்.

எலவனாசூர்கோட்டைத் திருவிழாவில்தான் விஷயம் தெரிந்தது. கையை உயர்த்தினான். இறக்குவதற்குள் கண்ணில் பூச்சி விழுந்து கை அந்தரத்தில் நின்றுவிட்டது. குழு நிற்கவில்லை. பிசிறில்லாமல் எல்லோரும் ஒன்றாகத் தொடங்கிவிட்டார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். ஒரு பிள்ளைகூட அவனைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் மணிமொழியின் இடது கையில் இருந்தது.

அடுத்த பாட்டில் கவனித்தான். அவள் ஆர்மோனியத்தின் துருத்தியைத் திறக்கும்போது பிள்ளைகள் மூச்செடுக்கிறார்கள். அவள் விரல் கட்டையில் விழும்போது வில் விழுகிறது. இத்தனை நாளும் தன் கை வெறுங்காற்றை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறது என்று நினைத்தபோது அவனுக்கு உடம்பு கூசியது.

அன்றிலிருந்து அவள் வைத்த குழம்பில்கூட உப்பு ஜாஸ்தியாக இருந்தது. அவள் பாட்டு முணுமுணுத்தால் எழுந்து வெளியே போனான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

புரட்டாசியில் கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளி விழாவுக்கு அழைப்பு வந்தது. வானொலியிலிருந்து ஒருவர் கேட்க வருகிறார், பிடித்திருந்தால் மதராஸுக்கே கூப்பிடுவார் என்றார்கள். அந்த மனிதர் முன்னால் தன் கைதான் குழுவை நடத்த வேண்டும் என்று தமிழரசன் முடிவு செய்தான். இடஒதுக்கீட்டுக்கான போராட்டம் சூடேறி, சாலை மறியல் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. சாக்குக் கிடைத்துவிட்டது.

"வழியில இன்னா ஆவும்னு தெரியல. நீ வூட்லயே இரு."

"பொம்பளப் பசங்கல்லாம் போவுதுங்க, நான் மட்டும் வரக்கூடாதாங்க?"

"பசங்களுக்கு நான் இருக்கேன்."

அவள் வீட்டிலேயே நின்றுவிட்டாள். ஆர்மோனியம் வேண்டாம் என்றும் சொல்லியிருந்தான். ஆனால் வேன் ஓட்டும் சுப்புராயன் பழக்கத்தில் அதையும் தூக்கி வந்து, மணிமொழி உட்காரும் சீட்டிலேயே வைத்துவிட்டார்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே புளியமரம் கிடந்தது. அதைச் சுற்றி மறியல்காரர்கள். சுப்புராயன் இறங்கிப் போய், பள்ளிப் பசங்க, பாட்டு வாசிக்கப் போறாங்க என்று கெஞ்சினார். கூட்டத்துக்கு முன்னால் நின்ற பொன்னுரங்கம் என்பவன் வேனுக்குள் எட்டிப் பார்த்தான்.

"வாசிக்கிறவங்கன்னா இங்க ஒண்ணு வாசிக்கட்டும். கேட்டுட்டு வுடறோம்."

பிள்ளைகள் தார் ரோட்டில் வரிசையாக நின்றார்கள். தமிழரசன் கையை உயர்த்தினான், இறக்கினான். ஒரு வில்லும் அசையவில்லை. மறுபடி உயர்த்தினான். ஒரு புல்லாங்குழல் மட்டும் கீச்சென்று தொடங்கி வெட்கப்பட்டு நின்றது.

"இன்னா வாத்தியாரே, காக்கா ஓட்றீங்களா?" என்றான் பொன்னுரங்கம். கூட்டம் சிரித்தது.

முன்வரிசை வயலின் எழில்மதி தலையைக் குனிந்துகொண்டு, "சார், பொட்டி," என்றாள்.

அவன் வேனுக்குப் போனான். ஆர்மோனியத்தை எடுத்துவந்து, சாய்ந்து கிடந்த புளியமரத்தின் மேல் உட்கார்ந்து மடியில் வைத்தான். துருத்தியைத் திறந்தான். பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக மூச்செடுத்தார்கள்.

பாட்டு முடிந்ததும் யாரும் கிண்டல் செய்யவில்லை. பொன்னுரங்கமே நாலு பேரோடு கிளைகளை இழுத்துப்போட்டு, ஓரமாக வேன் போக வழி விட்டான்.

மலையிலும் தமிழரசன் முன்னால் நிற்கவில்லை. ஆர்மோனியத்தோடு ஓரத்தில் உட்கார்ந்தான். முன்னால் யாரும் நிற்காமலே இத்தனை பிள்ளைகள் எப்படி ஒன்றாக எடுக்கிறார்கள் என்று வானொலிக்காரர் வியந்தார். யார் பழக்கியது என்று கேட்டார். நான்தான் என்று சொன்னான். மதராஸுக்கு வரச் சொன்னார்.

அந்தி சாயும் நேரத்தில் வீடு சேர்ந்தான். மணிமொழி சோறு போட்டாள்.

"பொட்டிய யாரு வாசிச்சது?"

"நான்தான்."

"அப்ப முன்னால யாரு கையத் தூக்கனது?"

"யாரும் இல்ல."

அவள் கரண்டியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். நிஜமாகவே கவலைப்பட்டாள்.

"எப்பிடிங்க, யாரும் நிக்காம? நீங்க கையத் தூக்கறதப் பாத்துதான் நான் துருத்தியே தெறப்பேன். எலவனாசூர்ல நீங்க கைய இறக்காம நின்னீங்களே, அன்னைக்கிக்கூட தூக்கனதப் பாத்துதான் ஆரம்பிச்சேன். இல்லன்னா எனக்கு இன்னா தெரியும்?"

தமிழரசன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கையைப் பார்த்து வாசித்தது குழுவிலேயே ஒரே ஒரு ஆள். அந்த ஆளை இன்று வீட்டில் விட்டுப் போயிருந்தான்.

"மதராஸுக்கு கூப்பிட்டுக்கிறாங்க," என்றான்.

"பசங்களையா?"

"உன்னையும்தான்."

"வழியில இன்னா ஆவும்னு தெரியலன்னீங்களே."

குழம்பை ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினான்.