சமதரையில் நின்ற பிக்கப்

கஜேந்திரன் மறுபடியும் சாவியைத் திருப்பினான். பிக்கப் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது. தோட்டத்து லய வீட்டு வாசலில் தப்படித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். இஸ்தோப்புத் திண்ணையில், புது வேட்டி கட்டி, விபூதி பூசிப் பெட்டிக்குள் படுத்திருந்த பழனியாண்டி மட்டும்தான் அதைக் கண்டுகொள்ளவில்லை. உயிரோடிருந்தால் இந்நேரம் பானட்டைத் தூக்கித் தலையை உள்ளே விட்டிருப்பார்.

"ஸ்டார்ட்டர் மோட்டர் போயிருச்சும்மா. வினோஜன் வேன்ல கொண்டு போயிருவோம். மழை வேற இருட்டிக்கிட்டு வருது."

நாகலெட்சுமி புருஷனின் தலைமாட்டை விட்டு அசையவில்லை. "உங்கப்பா இதுலதான் போவாரு."

"ஓடுனாத்தானேம்மா? தள்ளி எடுக்கலாம்னா சமதரையில நிக்குது. முன்னுக்கு ஏத்தம்."

அவளையும் அதுதான் உறுத்தியது. பழனியாண்டி வண்டியைச் சமதரையில் நிறுத்துகிற ஆள் இல்லை. மோட்டர் கைவிட்டாலும் சரிவில் உருட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று, போகிற இடமெல்லாம் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவார். கலியாண வீட்டுக்குப் போனாலும் வண்டி அரை மைல் தள்ளி ஏதாவதொரு சரிவில் நிற்கும். பட்டுச்சேலையோடு அவள் நடந்து வருவாள். நேற்றுக் காலை லீக்ஸ் மூட்டை ஏற்றிப்போய் இறக்கிவிட்டு வந்தவர், லயத்துக்கு முன்னால் சமதரையில் நிறுத்தியதைப் பார்த்தபோதே அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். ஸ்டியரிங்கில் நெற்றி சாய்ந்திருந்தது.

அந்தப் பிக்கப்பில்தான் அக்கரப்பத்தனைப் பக்கத்துப் பிள்ளைத்தாய்ச்சிகள் பாதிப்பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கஜேந்திரனே அதன் முன்சீட்டில் பிறந்தவன்தான். 'என் கடைசி ட்ரிப்பும் இதுலதான்' என்று அவர் சொல்லும்போதெல்லாம் 'அன்னைக்காவது ஸ்டார்ட் ஆகுதான்னு பாப்போம்' என்று அவள் சீண்டுவாள். இன்று அந்தச் சீண்டல் அவளுக்கே திரும்பி வந்தது.

சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. முச்சந்தி வரைதான் அவளால் கூட வர முடியும். அதற்குமேல் அவர் போகிற வண்டியாவது அவருடையதாக இருக்கட்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

எழுந்து வண்டியருகே போனாள். "லைட்டப் போட்டுட்டுத் திருப்பு."

லைட் எரிந்தது. சாவியைத் திருப்பியும் மங்கவில்லை. பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. எத்தனையோ ராத்திரி அவருக்கு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு இது தெரியும். ஹட்டனில் எத்தனை மெக்கானிக் பாஸ்மார் அந்த மோட்டரைக் கழற்றிப் பூட்டியிருப்பார்கள்! மேசையில் வைத்தால் பம்பரமாகச் சுற்றும். வண்டியில் பூட்டினால் கொஞ்ச நாளில் திணறும், சூடேறும், கருகும். 'என்னமோ ஒண்ணு இதோட கழுத்தப் புடிக்குது லெச்சுமி, அது என்னான்னுதான் புடிபட மாட்டேங்குது' என்று அவர் மண்டையை உடைத்துக்கொள்வார்.

வேனைக் கொண்டுவந்து நிறுத்திய வினோஜன் பானட்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தான். "திருவிழாவுக்கு மாமா அடிச்ச பெயிண்ட் இன்னும் மினுங்குது பாருங்க அத்தை."

நாகலெட்சுமி திரும்பிப் பார்த்தாள். மாரியம்மன் தேருக்கு முன்னால் ஜெனரேட்டரை ஏற்றிப் போவது இந்தப் பிக்கப்தான். அதற்காக வருசா வருசம் கலியாணப் பெண்ணைச் சோடிப்பதுபோல் சோடிப்பார். பனியில் துருப்பிடிக்கக் கூடாதென்று வயர்களைக்கூடக் கழற்றி, அடியில் வெள்ளிப் பெயிண்ட் அடித்துவிட்டுத் திரும்பப் பூட்டுவார். மோட்டர் படுப்பதும் திருவிழா முடிந்த பிறகுதான். அம்மனுக்கு என்ன குறை வைத்தோமென்று நேர்த்திக்கடன்கூட வைத்தார்களே!

"என்ஜின்லயிருந்து சேசி இரும்புக்கு ஒரு எர்த் வயர் வருதில்ல, கரண்ட் திரும்புற வயர், அதக் கழட்டு," என்றாள்.

கஜேந்திரன் கழற்றினான். வயர் உட்கார்ந்த இடம் முழுக்கப் பெயிண்ட், வருசத்துக்கு ஒரு பூச்சாய்த் தடித்துக் கிடந்தது. இரும்பே தெரியவில்லை.

"இதுக்குள்ள எப்புடிம்மா கரண்ட் போகும்?" அவன் குரல் இறங்கியது. "எல்லாரும் மோட்டரையே பாத்தோம்."

அவள் குசினிக் கத்தியை எடுத்துவந்து சுரண்டத் தொடங்கினாள்.

"அடியே லெச்சுமி, பொணத்தப் போட்டுட்டு என்னடி வேலை இது? சனம் பாக்குது," என்று பக்கத்துக் காம்பரா வேலாயி கையைப் பிடித்தாள்.

"பாத்துட்டுப் போகட்டும்க்கா. அவருக்கு நான் இன்னும் என்ன செய்யக் கெடக்கு?"

வேலாயி கையை விட்டாள். பெயிண்ட் சீவல் சீவலாக உதிர்ந்தது. அடியில் இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவுதாங்க, இவ்வளவுதான் என்று இஸ்தோப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. நீங்க ஆசை ஆசையா அடிச்ச பெயிண்ட்தாங்க.

வயரை இறுக்கிவிட்டுக் கஜேந்திரன் சாவியைத் திருப்பினான். ஒரே சுற்றில் பிக்கப் உறுமி எழும்பியது. தப்பு மறுபடி முழங்கியது. நாலு பேர் பெட்டியைத் தூக்கி ஏற்றினார்கள்.

முச்சந்தியில் வேலாயி அவளைப் பிடித்து நிறுத்தினாள். வண்டி ஏற்றத்தில் ஏறித் தேயிலைக்குள் மறைந்தது. மலைமேல் சுடுகாட்டில் அதன் சத்தம் நின்றபோது அவள் இஸ்தோப்புப் படியில், தலைக்கு ஊற்றிய ஈரம் காயாமல் உட்கார்ந்திருந்தாள். நகத்திடுக்கில் வெள்ளிப் பெயிண்ட் அப்படியே இருந்தது. மழை தூறியது. பெண்கள் ஏதோ பேசினார்கள். அவள் காது மலைமேலேயே இருந்தது.

நெடுநேரம் கழித்து மேலே ஸ்டார்ட்டர் சுற்றும் சத்தம் கேட்டது. ஒரே சுற்று. பிக்கப் இறங்கி வரத் தொடங்கியது.

கீழ்வளைவில் அந்தச் சத்தம் திரும்பியதும், எப்போதும்போல நாகலெட்சுமி எழுந்து குசினிக்குள் போனாள். கேத்தலில் தண்ணீர் பிடித்தாள். அவருடைய பெரிய கோப்பையை எடுத்து வைத்தாள். தேத்தூள் டப்பாவைத் திறந்தாள். அடுப்பைப் பார்த்தபோதுதான், இன்று இந்த வீட்டில் நெருப்பு மூட்டக் கூடாதென்பது நினைவுக்கு வந்தது. வெளியே வண்டி வந்து நின்றது. கேத்தலைக் கீழே வைக்காமல் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.