சுபம் போட்ட பிறகு வந்த பெட்டி

1.

"அன்னிக்கி உங்க ஊரு கொட்டாயில படம் எப்படி முடிஞ்சிது, பாப்பா?"

விழுப்புரத்திலிருந்து வந்த கோதண்டபாணி எங்கள் வாசலில் நின்று கேட்டார். மல்லாட்டை மண்டிக்காரர், வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். திண்டிவனத்தில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் செண்பகத்தைக் கட்டியவர். நான் கதவுக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவர் போன பிறகுதான் பதில் வந்தது. அது இந்தக் கதை.

("டூரிங் டாக்கீஸில் இசைத்தட்டுகள் பாடி ஓய்ந்த ஒரு மாலைப் பொழுதில்" என்றுதான் முதலில் தொடங்கினேன். அந்த வாக்கியமே கொட்டாவி விட்டது. அடித்துவிட்டேன்.)

2.

முதலில் படத்தின் கதை. ஒருவன், மனைவி இருக்கும்போதே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு வருகிறான். மனைவி பாடுகிறாள். மாமியார் அடிக்கிறாள். மனைவி மறுபடி பாடுகிறாள். மாமியார் மறுபடி அடிக்கிறாள். பாட்டுக்காகத்தான் அடித்தாளோ என்று எனக்குச் சந்தேகம். பிறகு மனைவி ஒரு வார்த்தை பேசாமல் வீட்டை விட்டு இறங்கி ஆற்றங்கரையோரம் நடக்கிறாள். கடைசிப் பெட்டிச் சுருளில் திரும்பி வந்து, கணவனுக்கும் புதியவளுக்கும் ஆரத்தி எடுத்து, அவன் காலில் விழுகிறாள். சுபம்.

விழுப்புரத்தில் கோதண்டபாணி முழுப் படத்தையும் பார்த்தார். சினிமாவால் பெண்கள் கெட்டுப்போகிறார்கள் என்று மேடை போட்டுப் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்து முதலில் கெட்டவர் இவர்தான். பிள்ளை இல்லை என்று பக்கத்து ஊரான காணையில் ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார். அதைச் செண்பகத்திடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. படம் பார்த்த மறுநாள் அதற்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

"அடுத்த வாரம் அந்தப் படம் உங்க ஊருக்குப் போவுது. அம்மா வூட்டுக்குப் போயி பாத்துட்டு வா. பொண்டாட்டின்னா எப்படி இருக்கணும்னு அதுல காட்டறான். பாத்துட்டு வந்தா நாம பேசலாம்."

பெஞ்சு டிக்கெட்டுக்குக் காசும் கொடுத்தார்.

3.

செண்பகத்துக்குத் துணையாக நான் போனேன். பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு எனக்கு வெளியே போக அதுதான் வழி, யாருக்காவது துணை.

மனைவி ஆற்றங்கரையில் நடந்தாள். திரை வெளுத்தது. கொஞ்சம் பொறுத்து, குத்துவிளக்குப் படத்தோடு 'சுபம்' வந்தது. சனங்கள் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். ஒருத்தி வீட்டை விட்டுப் போய்விட்டாள், அதற்குச் சுபம் போடுகிறானே என்று யாரும் கேட்கவில்லை. திரையில் எழுதிக் காட்டினால் எங்கள் ஊர் எதையும் நம்பும்.

செண்பகம் மட்டும் எழவில்லை.

"முடிஞ்சிடுச்சாடி?"

"சுபம் போட்டுட்டாங்களே அக்கா."

"இதப் பாக்கவா என்ன அனுப்பிச்சாரு?" என்றாள். பிறகு சிரித்தாள்.

4.

மறுநாள் ஆட்டத்துக்குப் போய்வந்த பக்கத்து வீட்டு வீரம்மாள், அதற்கடுத்த நாள் காலையிலேயே வந்துவிட்டாள்.

"நீங்க பாத்தது முழுப்படம் இல்லியாம்டி. கரி போட்டு ஓட்டற பஸ்ஸு மேல கட்டுன கடைசிப் பெட்டிய இங்க இறக்காம வுட்டுட்டானுவ. அது செங்கல்பட்டு வரைக்கும் ஊர் சுத்திட்டு வந்திருக்குது. கொட்டாய்க்காரரு, கையில இருந்த சுபம் சிலைடக் காட்டி எழுப்பி வுடுன்னுட்டாராம். அவ திரும்பி வர்றாடி. ஆரத்தி எடுக்கறா. நான் அழுதுக்கினே இருந்தேன்."

செண்பகம் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் பாத்தப்ப முடிஞ்சிடுச்சிக்கா."

"பெட்டி வராததாலடி."

"சுபம் போட்டானா இல்லியா?"

"போட்டான்."

"அப்புறம் என்னா?"

(இந்த இடத்தில் அவள் கண்ணில் ஒரு துளி வைத்துப் பார்த்தேன். அவளோ உமியை ஊதிக்கொண்டிருந்தாள். துளியை எடுத்துவிட்டேன்.)

5.

காணைப் பெண் ஜெயத்தைப் பொல்லாதவளாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. படத்தில் வரும் புதியவளுக்கு ஒரு புருவம் எப்போதும் மேலே ஏறியே இருக்கும். ஜெயத்துக்கு இரண்டு புருவமும் அதனதன் இடத்தில் இருந்தனவாம். அவளையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு ஒரு தனிக் கதை எழுதினால், அதில் அவள்...

6.

இனி நடந்தது விழுப்புரத்தில். அங்கே நான் இல்லை. மண்டி வண்டிக்காரர் முருகையன் சொன்னதில் என் சரக்கையும் கொஞ்சம் கலந்திருக்கிறேன். எது எவருடையது என்று கேட்காதீர்கள்.

"படம் பாத்தியா?"

"பாத்தேங்க."

"கடைசி வரைக்கும்?"

"சுபம் வரைக்கும்."

"அவ செஞ்ச மாதிரியே நீயும் செய்யணும்."

"அப்படியே செய்றேங்க."

கோதண்டபாணிக்குத் தலைகால் புரியவில்லை. "நாலு பெரியவங்க உக்காந்து பேசினாலும் நடக்காது. ஒரு படம் நடத்திடிச்சி பாரு," என்று மண்டிக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

7.

அவள் ஆரத்தி எடுத்து, காலில் விழுந்து, மூவரும் ஒரே வீட்டில் வாழ்ந்ததாக ஒரு முடிவு எழுதினேன். எழுதி முடித்ததும் மாமியார் அடிக்கும் சத்தம் கேட்டது. ஜெயமும் செண்பகமும் சேர்ந்து மண்டியைப் பிடித்துக்கொண்டு அவரை வெளியே தள்ளியதாக இன்னொன்று. சிரித்துவிட்டு அதையும் அடித்தேன். மூன்றாவது வேண்டுமென்றால் நீங்களே பெட்டியில் போட்டு அனுப்புங்கள். என் கொட்டாய்க்கு வந்து சேர்ந்தது இவ்வளவுதான்.

கோயிலில் தாலி கட்டிய கையோடு கோதண்டபாணியும் ஜெயமும் வாசலில் வந்து நின்றார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. செண்பகம் ஆரத்தித் தட்டோடு வந்தாள். சூடம் எரிந்தது. படத்தில் அந்த நடிகர் மூடியதைப் போலவே கோதண்டபாணி கண்ணை மூடிக்கொண்டார். முகத்துக்கு நேரே சூடு வருமென்று காத்திருந்தார். வரவில்லை. கண்ணைத் திறந்தபோது தட்டு படிக்கட்டில் இருந்தது. சூடம் அதன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜெயம் ஒதுங்கி வழி விட்டிருந்தாள். செண்பகம் அந்த வழியாக இறங்கி, ஒரு வார்த்தை பேசாமல், ரயிலடிப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.