உப்பு கம்மி

"இன்னும் கிட்டக் கொண்டு வா," என்றாள் அக்கா.

அவன் கிண்ணத்தை அவள் முகத்துக்கு நேராக ஏந்தினான். சூப்பின் ஆவி அவள் மூக்கில் பட்டது. கண்களை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். பாதி இழுப்பிலேயே நெஞ்சு தடுக்கியது. கொஞ்சம் காத்திருந்து மீதியை இழுத்தாள்.

"பூண்ட நல்லா வதக்கியிருக்காங்க. மிளகு இப்பத்தான் பொடிச்சது. பூசணி நல்லாப் பழுத்தது." கண்ணைத் திறந்தாள். "சரி, நீ சாப்பிடு."

அவன் கட்டிலுக்கு அருகே ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ஸ்பூன் வாயில் வைத்தான். அவன் தொண்டை ஏறி இறங்குவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தொண்டை வழியாக எதுவும் இறங்கி நாற்பது நாளாகிவிட்டது. வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அதில் வெள்ளையாக எதையோ ஊற்ற வேண்டும். மாவா, பாலா, அவனுக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில் இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவன் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆட்டோவில் வரும்போது, "அடுப்புப் பக்கத்துல ஜன்னல் திறந்தே கிடக்கும், மாவு டப்பாவ மூடினியா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கட்டடத்தில் ஒரே படிக்கட்டில் ஐந்து வீடுகள். எட்டு வருஷமாக ஐந்து சமையலறைகளுக்கும் இடையே பாத்திரங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. யார் எதை ருசியாகச் செய்தாலும் மற்ற நான்கு வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகும். திரும்பி வரும் பாத்திரத்துக்குள் ஒரு துண்டுச்சீட்டு இருக்க வேண்டும் என்பது அக்கா போட்ட சட்டம். அதில் 'நல்லா இருந்தது' என்று எழுதக் கூடாது. "அது ஒரு பதிலா? கல்யாண வீட்டு வாசல்ல சொல்றது அது," என்பாள். என்ன கூடுதல், என்ன குறைவு, எந்த இடத்தில் கை தவறியது என்று எழுத வேண்டும். பிடித்துப்போனால் சீட்டின் பின்பக்கம் செய்முறை கேட்கலாம். அக்கா முப்பது வருஷம் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவள். ஒரு எழுத்து தப்பினாலும் தாளையே உருவி எறிந்துவிட்டுப் புதிதாக அடிப்பவள். அவள் எழுதிய சீட்டைப் பிரிப்பதற்கு முன்னால் மாடி வீட்டுத் தபால்காரர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிடுவார் என்று படிக்கட்டில் ஒரு பேச்சு உண்டு.

வயிற்றுக் குழாய் விஷயத்தை மற்ற நான்கு வீட்டாரில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"தெரிஞ்சா அனுப்ப மாட்டாங்கடா. ஐயோ பாவம்னு ஆப்பிள் வாங்கிட்டு வந்து நிப்பாங்க. கிண்ணம் வரணும். சீட்டு போகணும். நீ சாப்பிடு, எனக்குச் சொல்லு, நான் சொல்றத எழுது."

இதில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அவனுக்கு ருசி சொல்லத் தெரியாது. லேத் பட்டறையில் இரும்பை நூலளவு பிசகாமல் கடைவான். ஆனால் தட்டில் எது விழுந்தாலும் சத்தமில்லாமல் உள்ளே போகும். சின்ன வயதிலேயே அக்கா அவனுக்கு 'அம்மி' என்று பெயர் வைத்துவிட்டாள். போட்டதெல்லாம் அரைபடும், எது போட்டார்கள் என்று அம்மிக்குத் தெரியாது.

முதல் வாரம் அவன் எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்குக்கா" என்றான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒரு நாள் டீச்சர் வீட்டுச் சூப் வந்தது. டீச்சர் கீழ் வீட்டுக்காரி, கணக்கு சொல்லிக்கொடுப்பவள். சூப் அக்காவுடைய செய்முறைதான். அக்கா எழுதிக்கொடுத்த சீட்டை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்துக்கொண்டு, அக்காவுக்குப் பிடித்தது என்று மூன்று நாளைக்கு ஒரு தரம் செய்து அனுப்பினாள். அன்றைக்கு அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், வாயில் வந்ததைச் சொன்னான்.

"உப்பு கொஞ்சம் கம்மி."

அக்காவின் முகத்தில் விளக்குப் போட்டாற்போல் ஆனது. தலையணையை முதுகுக்கு வைக்கச் சொன்னாள். "அப்படிச் சொல்லுடா! எப்பக் கம்மின்னு தெரியுது? வாயில வெச்ச உடனேயா, முழுங்கின பிறகா?" என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். கால் மணி நேரம் யோசித்து ஒரு நீளச் சீட்டு சொன்னாள். "டீச்சருக்கு எல்லாக் கணக்கும் வரும், உப்புக் கணக்கு மட்டும் வராது," என்று சொல்லிச் சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதற்காகவே அடுத்த சூப்புக்கும் உப்பு கம்மி என்றான். அதற்கடுத்ததற்கும்.

டீச்சர் சொன்னதைச் செய்கிறவள். சீட்டுக்குச் சீட்டு உப்பைக் கூட்டிக்கொண்டே போனாள். ஐந்தாவது கிண்ணத்தில் அம்மிக்கே உறைத்துவிட்டது. ஆனால் இத்தனை நாள் கம்மி என்றவன் திடீரென்று எப்படி மாற்றிச் சொல்வான்? மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவன் தவித்தான். அக்கா காத்திருந்தாள்.

இது ஏழாவது கிண்ணம்.

"என்னடா, ஊமையாயிட்ட?"

வாயெல்லாம் கரித்தது. கடல் தண்ணீர் தோற்றுப்போகும்.

"உப்பு..." என்றான். "ஒரு கல்லு கம்மி."

அக்கா எதுவும் கேட்கவில்லை. எலும்பாகிப்போன கையை நீட்டி, மேசை மேலிருந்த பஞ்சைக் காட்டினாள். உதடு காயாமல் இருக்கத் தண்ணீரில் நனைத்துத் தடவுகிற பஞ்சு அது.

"அதச் சூப்புல முக்கி ஒரு சொட்டு என் நாக்குல வை."

"நர்ஸம்மா கூடாதுன்னாங்கக்கா."

"முழுங்க மாட்டேன். என் சூப்புடா அது. ஒரு சொட்டு."

"வேண்டாம்க்கா. இருமல் வந்துட்டா..."

"அம்மி," என்றாள்.

அப்படி அவள் கூப்பிட்டு வெகு நாளாகியிருந்தது. அவன் பஞ்சைச் சூப்பில் முக்கி, விளிம்பில் பிழிந்துவிட்டு, நீட்டிய நாக்கின் நுனியில் வைத்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள். கண்களையும் மூடிக்கொண்டாள். மின்விசிறி கடகடவென்று சுற்றியது. அவன் கையில் கிண்ணம் கனத்தது.

வெகு நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

அவன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு, "மூணு வாரமா," என்றான்.

"ஏன்டா?"

அவன் ஸ்பூனால் சூப்பைக் கிளறினான். அவள் முகம் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்துப் பதறிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். அவள் அழவில்லை. தோள்கள் குலுங்கின, சத்தம் மட்டும் வரவில்லை.

"பாவி. டீச்சர் புருஷனுக்குப் பிரஷருடா. அந்த மனுஷன் வாயைத் திறக்காம மூணு வாரமா இதையா குடிச்சிட்டிருக்காரு?"

அவனுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போனது.

"சீட்ட எடு. எழுது," என்றாள்.

அவன் தலைமாட்டிலிருந்து சீட்டுக் கட்டையும் பென்சிலையும் எடுத்தான்.

"உப்பு."

எழுதினான். "அப்புறம்?"

"இரு. யோசிக்கணும். டீச்சர் மனசும் நோகக் கூடாது. உன்னையும் காட்டிக்கொடுக்கக் கூடாது." கண்கள் செருகின. "கொஞ்சம் தூங்கிட்டு எழுந்து சொல்றேன். சூப்பக் கொட்டிடாத. டீச்சர் கஷ்டப்பட்டுச் செஞ்சது."

அவன் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தான். கீழே யாரோ குக்கரைத் திறக்கும் சத்தம் கேட்டது.

மதியம் இரண்டு மணிக்கு நர்ஸம்மா குழாயைப் பார்க்க வந்தாள். நாடியைப் பிடித்தவள் கையை எடுக்கவில்லை. மற்ற கையால் அவனைக் கூப்பிட்டாள். மூச்சு வந்தது, நின்றது, யோசித்துவிட்டு மறுபடி வந்தது. அவன் அக்காவின் பாதங்களைத் தேய்த்தான். ஃபேனை நிறுத்தினான். போட்டான். போர்வையை இழுத்துவிட்டான். செய்வதற்கு வேறெதுவும் அகப்படாமல் ஜன்னல் கதவைத் துணியால் துடைத்தான். மூன்று மணிக்குப் பிறகு அடுத்த மூச்சு வரவில்லை.

"நாக்குல ஒரு சொட்டு சூப் வெச்சேன்," என்றான். "அதனாலயா, நர்ஸம்மா?"

"சேச்சே. ஒரு சொட்டு என்னங்க பண்ணும்? இது எப்பவோ முடிவானது." குழாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "கேட்டதைக் குடுத்தீங்க. அவ்வளவுதான்."

மறுநாள் காலையில் எல்லாம் முடிந்துவிட்டது. வந்தவர்கள் படிக்கட்டில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். தபால்காரர் மட்டும் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். "வரேன்," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

பன்னிரண்டு மணிக்கு டீச்சர் வந்தாள். கையில் மூடி போட்ட அதே மாதிரிக் கிண்ணம். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"நேத்துக் காலைலருந்து நீங்க ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க, தம்பி. எனக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல. அவங்க சூப்பையே வெச்சேன்." கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுக் கட்டிலைப் பார்த்தாள். மெத்தையைச் சுருட்டியிருந்தார்கள், பலகை தெரிந்தது. "நேத்து அனுப்பினது ஒரு ஸ்பூனாவது இறங்குச்சா?"

"நாக்குல பட்டுச்சு, டீச்சர்."

"ஏதாவது சொன்னாங்களா?"

அவன் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தான். கொடுக்க வேண்டும் என்று எடுக்கவில்லை, கை எடுத்துவிட்டது. டீச்சர் வாங்கிப் பார்த்தாள். ஒரே ஒரு சொல்.

"இன்னும் கம்மின்னுதானே எழுத வந்தாங்க? எனக்குத் தெரியும். இன்னைக்கு இன்னொரு அரை ஸ்பூன் கூட்டிட்டேன். இவரு வாயிலயே வைக்க முடியலங்கறாரு. நான் ஒரே பேச்சா சொல்லிட்டேன், உங்களுக்கு என்ன தெரியும், அந்த நாக்கு பொய் சொல்லாதுன்னு." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "படுத்த படுக்கையா இருந்தும் என் சமையலத் திருத்திக் குடுத்துட்டுப் போனாங்க தம்பி. யாரு செய்வா?"

"டீச்சர்," என்றான். தொண்டை வரைக்கும் வந்தது. அவள் சீட்டை நான்காக மடித்துப் பர்ஸுக்குள் வைப்பதைப் பார்த்தான். "சாருக்கு மட்டும் உப்புப் போடறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வெச்சிடுங்க. அவருக்குப் பிரஷர் இல்ல?"

டீச்சர் நிமிர்ந்தாள். "அக்கா சொன்னாங்களா?"

"ஆமா. அதுதான் கடைசியா கவலப்பட்டுச் சொன்னாங்க."

டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு அவனை உட்காரவைத்து, மூடியைத் திறந்து, ஸ்பூனைக் கையில் கொடுத்தாள். எதிரில் நின்றுகொண்டாள். அவன் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்தாள்.

முதல் ஸ்பூனில் நாக்கு சுருண்டது. பூண்டு நன்றாக வதங்கியிருந்தது. மிளகு இப்போதுதான் பொடித்தது. பூசணி போன தடவை அளவுக்குப் பழுக்கவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

"சரியா இருக்கா, தம்பி?"

"இப்ப சரியா இருக்கு, டீச்சர்."

கிண்ணத்தைச் சாய்த்து அடிவரைக்கும் வழித்துச் சாப்பிட்டான். டீச்சர் போன பிறகு கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தான். சீட்டுக் கட்டு தலைமாட்டு அலமாரியில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

வாய் வறண்டு எரிந்தது. பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டான். கால்கள் பழக்கத்தில் அறைக்குள் நடந்து ஸ்டூலில் போய் உட்கார்ந்தன. மேசை மேல் பஞ்சு கிடந்தது, ஓரத்தில் லேசாக மஞ்சள் ஏறி, காய்ந்து. அவன் அதற்குப் பக்கத்தில் டம்ளரை வைத்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தளும்பிய தண்ணீர் அசைவது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். நின்ற பிறகும் எடுக்கவில்லை.