உயில் கேட்ட மகள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த உருத்திரமூர்த்தியிடம் மகள் தர்மிகா சாவகாசமாகக் கேட்டாள்: "அப்பா, உயில் ஏதும் எழுதி வைச்சிருக்கிறீங்களோ?"

அவ்வளவுதான், மனுசன் சோறு பிசைவதை நிறுத்திவிட்டார். பிரஷர் குளிசையைத் தவிர ஒரு வருத்தமும் இல்லாத ஆளிடம் கேட்கிற கேள்வியா இது! சுவிஸுக்கு வந்து, எம்மன்புரூக்கே ஊர்த் தொழிற்சாலையில் இடுப்பொடிய வேலை செய்து அவர் வாங்கிய வீடு. இருப்பது ஒரே பிள்ளை. அதற்குள் என்ன அவசரம்?

கொஞ்ச நாளாகவே அவருக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. தாயும் மகளும் குசினிக்குள் குசுகுசுக்கிறார்கள். இவர் தலையைக் காட்டினால் உடனே மரக்கறி விலை பேசுகிறார்கள். போன முறை வந்தபோது, ஜன்னலெல்லாம் பழசாகிவிட்டது என்று வேறு சொன்னாளே, அது எதற்கு? எவனோ பின்னால் நின்று ஏற்றிவிடுகிறான். இவளுக்குக் காப்புறுதிக் கந்தோரில் வேலை, சட்டமும் தெரியும், கேட்கவா வேண்டும். பெற்ற பிள்ளையே குழி பறித்தால் யாரைத்தான் நம்புவது என்று பொருமினார்.

சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "வீட்டைக் கோயிலுக்கு எழுதிப்போட்டுத்தான் சாவன்."

தர்மிகா அசையவில்லை. "முழுக்க எழுத ஏலாது, அப்பா. பிள்ளைக்குப் பாதி சட்டப்படி வரும். நீங்கள் ஒண்டும் எழுதாட்டி முழுக்க எனக்குத்தான். அம்மாவுக்குத்தான் ஒண்டுமில்லை."

"அவ என்ர மனுசியடி."

"அது கோயிலுக்குத் தெரியும். இந்த நாட்டுக்குத் தெரியாது. நீங்கள் கலியாணத்தைப் பதியேல்லை."

உண்மைதான். அகதியாக வந்த புதிதில் பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லை. கோயிலில் தாலி கட்டியதோடு சரி. பிறகு பத்திரங்கள் வந்தன, பாஸ்போர்ட்டும் வந்தது. பிள்ளை வளர்ந்த பிறகு போய்ப் பதிந்தால் சனம் சிரிக்குமே என்று வெட்கப்பட்டு விட்டுவிட்டார். ஊர் முழுக்கப் புருசன் பெண்சாதி என்றுதானே சொல்கிறது, அதற்கு மேல் என்ன பதிவு!

அப்படியென்றால் நீ வீட்டுக்காகக் கேட்கவில்லையா என்று தடுமாறினார். தனக்கு வீடு வேண்டாம், கெமைண்டே என்கிற நகரசபைக் கந்தோருக்குப் போய் இரண்டு பேரும் கலியாணத்தைப் பதிந்தால் போதும், அம்மா பேருக்கு உயில் எழுதினாலும் சரி என்றாள் மகள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "அம்மாதான் கேக்கச் சொன்னவ."

மனைவி தில்லைநாயகி குசினி வாசலில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

"ஏன் நீ என்னட்டைக் கேக்கேல்லை?" என்றார் அவர்.

"கேட்டா, வீட்டுக்காகத்தான் உங்களோட இருந்தன் எண்டு நினைப்பீங்கள். அந்தப் பயம்தான்."

அப்படி நினைத்திருக்க மாட்டேன் என்று சொல்ல உருத்திரமூர்த்தி வாய் திறந்தார். எதிரே மகள் இருந்தாள். அவளைப் பற்றி இவ்வளவு நேரமும் என்னவெல்லாம் நினைத்தார் என்பது அவருக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டார்.