ஒட்டுப்பதம்

பந்தலுக்கு அந்தப் பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம். அதோடு ரம்பத்தின் இரைச்சல் நின்றுபோனது. புருஷன் குழந்தைவேலின் பிணத்துக்குக் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த சௌந்திரம் தலையைத் தூக்கினாள். ஒப்பாரி வைத்தவர்களுக்கு அது ஏதோ ஒரு சத்தம். அவளுக்குத் தெரியும், வளையமாகச் சுற்றுகிற ரம்பப் பிளேடு அறுந்துவிட்டது.

மில்லில் மரம் அறுக்கிற பூபதி வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தான். எரிக்கிறதுக்கு எடுத்துப் போட்ட மாமரம் பாதிதான் அறுபட்டிருக்கிறது. மாற்றுப் பிளேடுகள் இரண்டும் சேலத்துக்குச் சாணைக்குப் போயிருக்கின்றன. மூன்று மணிக்குள் பிணத்தை எடுத்துவிட வேண்டும் என்று பேச்சு. கோடாலி போட்டால் பொழுது சாய்ந்துவிடும் என்றார் ஒருவர். டெம்போவை அனுப்பி விறகு வாங்கி வந்துவிடலாம் என்றார் இன்னொருவர். மல்லசமுத்திரத்தைச் சுற்றி எந்த ஊரில் எழவு விழுந்தாலும் மரம் குழந்தைவேலின் மில்லில்தான் அறுபடும். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குக் கடைவிறகு வைப்பதா என்று சௌந்திரத்துக்கு ஆத்திரமாக வந்தது. எழுந்துவிட்டாள்.

"பொணத்த உட்டுப்போட்டு எங்கடி போற?" என்று நாத்தனார் மாரக்காள் கையைப் பிடித்தாள்.

"இதா வந்தர்றேனுங்க நங்கையா."

மில்லுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் மர மேசை மேல் அந்த மெஷின் இருந்தது. உடைந்த வெல்டிங் செட்டின் டிரான்ஸ்பார்மர், கைவிரல் தடிமனுக்குச் செப்புக் கம்பி, பிளேடின் இரண்டு முனைகளையும் கவ்வ இரண்டு செப்புக் கட்டைகள், லாரி ஹாரன் சுவிட்ச் இரண்டு. பார்க்க லட்சணமாக இருக்காது. அறுந்த பிளேடை ஒட்டுவதற்காகக் குழந்தைவேல் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தானே செய்தது.

பின்னாலேயே அன்பரசு வந்து நின்றான். ஒரே மகன். நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். மின்சாரத்தைப் பற்றி நாளெல்லாம் பாடம் நடத்துவான், வீட்டில் ஃபியூஸ் போனால் பூபதியைத்தான் கூப்பிடுவான்.

சௌந்திரம் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. மகனைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அந்த வார்த்தை அவள் வாயில் வரவில்லை.

சேலத்தில் ஐந்து நாள் மூச்சு மெஷினில் வைத்திருந்தார்கள். முந்தாநாள் டாக்டர் கூப்பிட்டு, இனிமேல் பிரயோஜனம் இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்டார். அவளைப் பார்த்துத்தான் கேட்டார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாளே தவிர வாய் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றாளோ, பக்கத்திலிருந்து அன்பரசு சொன்னான்:

"போதுங்க டாக்டர்."

சௌந்திரம் வெடுக்கென்று திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் சொன்னதில் தப்பில்லை. அது அவளுக்கும் தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்து, நேற்று விடியக்காலையில் சொந்தக் கட்டிலில்தான் அவர் மூச்சு அடங்கியது. ஆனாலும் அந்தச் சொல் அவளுடையது. அதை இவன் எடுத்துச் சொல்லிவிட்டான் என்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

பூபதி கழற்றிக் கொடுத்த பிளேடின் அறுந்த முனைகளை அவளே அரத்தால் நேராக ராவினாள். அன்பரசு வாங்கிக் கட்டைகளில் மாட்டினான். அவள் விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு முனையில் பல் மேலே பார்த்தது, இன்னொரு முனையில் கீழே.

"பல்லுப் பாத்து மாட்டோணும்."

திருப்பி மாட்டினான். பிறகு சுவிட்சுகளைப் பார்த்தான். ஒன்றில் ஒரு கோடு, இன்னொன்றில் இரண்டு கோடு, அரத்தால் கீறியிருந்தது.

"எதுக்கும்மா கோடு? செவப்பு, பச்சைன்னு பெயிண்ட் அடிச்சிருக்கலாமில்ல?"

சௌந்திரம் அரத்தைக் கீழே வைத்தாள்.

"உங்கப்பாவுக்குச் செவப்புத் தெரியாது."

வயசுக் காலத்தில் அவர் லாரி ஓட்டத்தான் ஆசைப்பட்டார். கண் சோதனையில் கலர் புள்ளிகளைக் காட்டியபோது எண்ணைச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் ரம்பத்துக்கு வந்தார். கல்யாணமான புதிதில், சிவப்பு ரவிக்கைத் துணி வாங்கி வரச் சொன்னதற்கு மரப்பட்டை நிறத்தில் வாங்கி வந்து மாட்டிக்கொண்டார். அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மற்ற மில்காரர்கள் ஒட்டக் கொண்டுவரும் பிளேடுகளை நம்பித் தர மாட்டார்களே.

முதல் சுவிட்சை அமுக்கினால் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒட்டின இடம் கண்ணாடி மாதிரி இருக்கும், வளைத்தால் போச்சு. இரண்டாவது சுவிட்சை விட்டு விட்டு அமுக்கி, ஒட்டை மறுபடி மங்கின சிவப்புக்குக் கொண்டுவந்து மெதுவாக ஆறவிட வேண்டும். அந்தச் சிவப்புத்தான் அவருக்குத் தெரியாது. மூன்று மாதம் ஒட்டின பிளேடெல்லாம் உடைந்தது. ஒருநாள் சமையல்கட்டிலிருந்து அவளைக் கூப்பிட்டார். அதிரசத்துக்குப் பாகு பார்க்கிற கண்தானே, பதம் தெரியாமல் போகுமா. அவர் விரல் சுவிட்சில், அவள் கண் ஒட்டில். அவள் போதும் என்றால் விரலை எடுப்பார். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் நடந்தது. டீ கொடுக்கப் போகிறாள் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

இவ்வளவையும் அவள் நாலைந்து வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். அன்பரசு சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் அம்மா ஏன் அப்படித் திரும்பிப் பார்த்தாள் என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அமுக்கு" என்றாள்.

பொறி பறந்தது. கட்டைகள் நெருங்கின. ஒட்டிக்கொண்டது.

"ரெண்டு கோடு."

விட்டு விட்டு அமுக்கினான். ஒட்டு கருப்பிலிருந்து பழுப்பாகி, ஓரத்தில் சிவந்து, நடுவுக்குப் பரவியது. பதம் வந்துவிட்டது. சொல்ல வேண்டியதுதான். சௌந்திரத்துக்கு வாய் வரவில்லை. சொன்னால் எல்லாம் முடிந்துபோகும் என்று இருந்தது.

அன்பரசுவுக்குச் சிவப்பு நன்றாகவே தெரியும். இன்னொரு தடவை அமுக்கினால் கெட்டுவிடும் என்றும் பட்டது. ஆனாலும் விரலை எடுக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"போதும் சாமி" என்றாள்.

விரலை எடுத்தான். இரண்டு பேரும் அது ஆறும் வரைக்கும் நின்றார்கள். அவன் பிளேடை எடுத்து வில்லாக வளைத்துப் பார்த்தான். உடையவில்லை. ஒட்டின இடத்து மேட்டைத் தேய்த்து எடுக்க நேரமில்லை என்று பூபதி அப்படியே வாங்கிக்கொண்டு ஓடினான்.

சௌந்திரம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கால்மாட்டில் உட்கார்ந்தாள். மாரக்காள் நகர்ந்து இடம் விட்டாள். பின்னால் ரம்பம் ஓட ஆரம்பித்தது. தேய்க்காத ஒட்டு மரத்தைத் தொடும்போதெல்லாம் சுற்றுக்கு ஒரு முறை 'டிக்' என்றது. அவராக இருந்தால் அந்தச் சத்தம் போகும்வரை விடாமல் தேய்த்திருப்பார். அவள் அவருடைய கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைச் சரிசெய்தபடி, அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.